தன்னிறைவு வீடு

பேருந்து ஓட்டுநரை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையல் பயிற்சியில் சேர்க்கவில்லை. அவராகத்தான் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, சிரித்த முகத்தோடு போனார். உள்ளே போவதற்கு ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. வெளியே வருவதற்கு என்ன வேண்டும் என்பது அந்த மையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் வெளியே வந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்ற மனிதர். வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். எந்தச் சந்தில் திரும்பினால் எந்தத் தெரு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் சொந்த வீட்டுச் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை, மனைவி இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜன்னல் திரையை மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறியவள், ஸ்டூல் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள்.

எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்து அனுப்பிய மருத்துவர், "நிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. ஆனா நல்லா சாப்பிடணும். எலும்பு கூடுறது இனிமே என் கையில இல்ல, உங்க அடுப்படியில இருக்கு" என்றார். ஓட்டுநர் பவ்யமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை.

நல்ல வேளையாக, நகர நல்வாழ்வுத் துறை நடமாட முடியாதவர்களுக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் வைத்து வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. "இதைத் தின்னா, சாப்பிட்டோம்னு வயித்துக்கே தெரியாதுங்க" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனாலும் நாள் தவறாமல் வந்தது. பருப்பு இருந்தது, முட்டை இருந்தது, வெந்த காய் இருந்தது.

டப்பா கொண்டுவரும் ஆள் ஒரு நாள் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 'சமூக ஆரோக்கியச் சமையல், ஊட்டச்சத்து மற்றும் விருந்துணவுப் பயிற்சி மையம். அனைவரும் வருக. அனுமதி இலவசம்.'

"போய்க் கத்துக்கிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. "ராத்திரிக்காவது வாய்க்கு ருசியா ஒரு சூப்பு வெச்சுக் குடுங்க. இத்தனை வருஷம் நான் பண்ணிப் போட்டதுக்கு அது கூட இல்லையா?"

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே போய்ச் சேர்ந்தார்.

மையம் இரண்டு மாடிக் கட்டடம். கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. சுவரெல்லாம் கேரட்டும் கீரையும் கைகோத்துச் சிரிக்கும் படங்கள். புதிய குழுவை வரவேற்று இயக்குநர் பேசினார். தலைக்கு மை அடித்து மீசைக்கு அடிக்க மறந்த மனிதர்.

"சமையல் கத்துக்க வந்திருக்கீங்க. சந்தோஷம். ஆனா ஒண்ணை மனசுல வெச்சுக்கங்க. இங்க நாங்க சமையல் சொல்லித் தர மாட்டோம். சமைக்கத் தெரிஞ்சவங்க ஒவ்வொரு வீட்லயும் இருக்காங்க. அதனாலதான் ஜனங்க ஆரோக்கியம் இந்த லட்சணத்துல இருக்கு. நாங்க சொல்லித் தர்றது சமையலைப் பத்தின ஒரு பார்வை. பார்வை வந்துட்டா, சமையல் தானா வரும். வரலைன்னாலும் பாதகமில்ல, பார்வை வந்துடுச்சு இல்லையா?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஓட்டுநரும் தட்டினார். முதல் நாள்தானே, அடுப்பு பிறகு வரும் என்று நினைத்தார்.

மறுநாள் மதியம் டப்பா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நல்வாழ்வுத் துறைக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணின் குரல் தேனாக இருந்தது.

"வாழ்த்துகள் சார். உங்க வீடு தன்னிறைவு வீடு ஆயிடுச்சு."

"அப்படின்னா?"

"உங்க வீட்டுல இப்போ சமையல் பயிற்சியில ஒருத்தர் இருக்கார். அதனால டப்பா தேவைப்படாத வீடுன்னு ஆயிடுச்சு."

"அந்த ஒருத்தர் நான்தாம்மா. நான் இன்னும் அடுப்பையே கண்ணால பாக்கல."

"சேர்ந்த நாள்லேர்ந்தே தன்னிறைவு வந்துடும் சார். அதுதான் இந்தத் திட்டத்தோட சிறப்பு."

ஓட்டுநர் நேராக மையத்துக்கு ஓடினார். பேரை எடுத்துவிடுங்கள், எனக்குப் பயிற்சியே வேண்டாம் என்றார். இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாதியில நின்னா அதுக்கு இடைநிற்றல்னு பேரு ஐயா. இடைநின்ன வீட்டுக்கு எந்தத் திட்டமும் எந்தக் காலத்துலயும் கிடையாது. டப்பா போச்சு, மருத்துவமனை வண்டி போச்சு, உங்க வீட்டம்மாவோட சக்கர நாற்காலி கூட துறையோடதுதானே? அதுவும் போச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க நல்லதுக்குச் சொல்றேன். முடிச்சுட்டுச் சான்றிதழோட போங்க."

"எப்போ சார் முடியும்?"

"முடியும்போது முடியும்" என்றார் இயக்குநர், தத்துவம் சொல்லும் முகத்தோடு.

ஓட்டுநர் முடிக்கத்தான் பார்த்தார். முதல் பாடம் கை கழுவுதல். குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. குழாய் இந்தத் துறை, தண்ணீர் வேறு துறை. ஆகவே பயிற்றுநர் காற்றில் கை கழுவிக் காட்டினார். சின்னப் பெண். வேலையில் அத்தனை உற்சாகம். "விரலிடுக்குல தேய்ங்க ஐயா! நுரை வருது பாருங்க, நுரை!" என்று கூவுவாள். வராத நுரையைப் பார்த்து ஓட்டுநர் தலையாட்டினார். காற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டு அனைவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பாடம் ஒரு வாரம் ஓடியது.

அடுத்தது கத்தி. கத்திகள் வந்திருந்தன, ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. கத்தி என்பது பாத்திரமா ஆயுதமா என்று இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. பதில் வரும்வரை மர ஸ்கேலால் நறுக்கச் சொன்னார்கள். நறுக்குவதற்குப் பிளாஸ்டிக் வெங்காயம். நிஜ வெங்காயம் அழுகும், பிளாஸ்டிக் அழுகாது, ஆகவே அதுதான் சுகாதாரமானது என்று பயிற்றுநர் விளக்கினாள். வெங்காயப் பாடத்தில் தேற, கண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் ஈடுபாடு போதாது என்று பொருள்.

ஓட்டுநருக்கு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரம்மாவுக்குப் பொலபொலவென்று கொட்டியது. பயிற்றுநர் மெச்சிக்கொண்டாள்.

"எப்படிம்மா உங்களால மட்டும் முடியுது?" என்று ஓட்டுநர் கிசுகிசுத்தார்.

"நான் முயற்சியே பண்றதில்லண்ணே" என்றாள் தையல்காரம்மா, மூக்கை உறிஞ்சியபடி. "விருந்துக்குச் சமைச்சுக் குடுக்குற தொழில் ஆரம்பிக்கலாம்னு தையல் மெஷினை ஓரம் கட்டிட்டு வந்தேன். சான்றிதழ் இல்லாம ஆரம்பிக்க விட மாட்டாங்க. இது எனக்கு மூணாவது குழு. அதை நினைச்சேன்னா தானா வருது."

"மூணாவதா? ஏன், தேறலையா?"

"தேறிட்டேன். தேறினா அடுப்புப் பாடத்துக்குப் போகணும். அடுப்பு அதோ இருக்கு பாருங்க."

கூடத்தின் கோடியில் ஓர் அடுப்பு நின்றது. எஃகில் செய்த பெரிய அடுப்பு; மேலே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் சிவப்பு ரிப்பன்.

"நகரசபைத் தலைவர் வந்து திறந்து வைக்கணும். அவருக்கு நேரம் கிடைக்கல. திறக்காத அடுப்புல பாடம் நடத்தக் கூடாது. பாடம் நடக்காம குழு முடியாது. அதனால அடுத்த குழுவோட சேர்ந்து திரும்பக் கை கழுவச் சொல்லிடுறாங்க."

ஓட்டுநர் அடுப்பைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். வீட்டில் மனைவி காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது. "அருமை! அருமை!" என்று பயிற்றுநர் கை தட்டினாள். "ஐயாவுக்கும் வந்துடுச்சு பாருங்க!"

வீட்டில் மனைவி வேறு வழி சொன்னாள். "அந்தச் சனியன் பிடிச்ச மையத்தை விடுங்க. நான் படுத்துக்கிட்டே சொல்றேன், நீங்க செய்ங்க. ஊரையே லைன்ல இணைச்சவ நான், உங்களையும் அடுப்பையும் இணைக்க முடியாதா?"

படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள், இவர் இங்கிருந்து செய்தார். முதல் நாள் உருளைக்கிழங்கு கரியாகிப் போனது. "என்னங்க நாத்தம்?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்ல" என்றார். "ஒண்ணுமில்லாததுதான் இப்படிப் புகையுதா?" என்றது குரல். இரண்டாம் நாள் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரிந்துபோனது. அடுத்த நாள் கேரட்டும் பட்டாணியும் கோழித் துண்டும் போட்டு, கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, சூப் என்று சொல்லத்தக்க ஒன்றை வைத்தார். மனைவி ஒரு கரண்டி வாயில் விட்டாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, ஓட்டத் தெரியாதவன் கையில வண்டி குடுத்த மாதிரி இல்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

வந்தவள் மெலிந்த பெண். தோளில் பை, கழுத்தில் அட்டை. அட்டையில் 'இல்லத் தோழி' என்று எழுதியிருந்தது. பயிற்சியில் இருப்பவர்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவர மையம் அனுப்பியிருக்கிறதாம். வாசலில் நின்றபடியே மூக்கை உயர்த்தினாள்.

"கோழி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "கேரட், பட்டாணி, முட்டை. மிளகு கடைசியில போட்டிருக்கீங்க."

ஓட்டுநர் கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஐயா, அடுப்புப் பாடம் முடிக்காதவங்க அடுப்பு பத்த வைக்கக் கூடாது. அது பாதுகாப்பில்லாத சமையல். உங்களுக்குத் தெரியாதா?"

"அவளுக்குப் பசிக்குதேம்மா."

"பசிக்கு வேற வகுப்பு இருக்கு ஐயா" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து பச்சைக் காகிதப் பட்டையை எடுத்து, அடுப்பின் திருகிகள் மேல் குறுக்காக ஒட்டி, நீவிவிட்டாள். பட்டையில் 'பாதுகாக்கப்பட்ட அடுப்பு. பயிற்சி முடியும்வரை தொடாதீர்' என்று இருந்தது. அறைக்குள்ளிருந்து மனைவி கத்திய கத்தலில் தோழி வெலவெலத்துப் போனாள். ஆனால் ஒட்டியதை எடுக்கவில்லை. போகும்போது சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ரொட்டியும் வாழைப்பழமும்தான். கடையில் வாங்கும் சாப்பாடு மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை வாங்கிக் கொடுத்து, வயிறு கெட்டு, படுக்கையோடு பட்ட பாடு போதும் என்றாகிவிட்டது. அவள் இளைத்தாள். கன்னம் ஒட்டியது. மோதிரம் விரலிலிருந்து கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது. பரிசோதனைக்கு வந்த மருத்துவர், "எலும்பு கூடவே இல்லையே, என்னதான் குடுக்குறீங்க?" என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டார். காற்றில் கை கழுவத் தெரியும் என்று சொல்ல முடியுமா?

ராத்திரி மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பட்டையைக் கிழிச்சா என்ன ஆகும்?"

"நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

அவள் கட்டிலை ஒட்டி நின்ற சக்கர நாற்காலியைப் பார்த்தாள். கழிவறைக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வண்டி அதுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இல்லத் தோழி மறுபடி வந்தபோது நாடா கொண்டுவந்தாள். மனைவியின் மேற்கையைச் சுற்றி அளந்தாள். குறித்துக்கொண்டாள். அடுத்த முறையும் அளந்தாள். அதற்கடுத்த நாள் இயக்குநரே ஓட்டுநரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"ஐயா! சாதிச்சுட்டீங்க!"

"என்ன சார்?"

"உங்க வீட்டம்மாவோட கைச் சுற்றளவு குறைஞ்சிருக்கு! ஜனங்களோட பருமனைக் குறைக்கிறதுதான் எங்க மையத்தோட முதல் இலக்கு. இத்தனை குழு நடத்தியும் ஒரு வீட்ல கூட குறைஞ்சது கிடையாது. உங்க வீட்லதான் சரசரன்னு இறங்குது!"

"அவ பட்டினி கிடக்குறா சார்."

"அந்தக் காரணம் எல்லாம் எதுக்கு? கோடு கீழ இறங்குதா இல்லையா?" சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டினார். சிவப்புக் கோடு ஒன்று மாடிப்படியில் உருண்டது போல இறங்கியிருந்தது. ஓட்டுநர் அதைப் பார்த்தபடி நின்றார். அது அவருடைய மனைவி.

விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. இத்தனை காலம் கிடைக்காத நேரம் அவருக்கு உடனே கிடைத்தது. அடுப்புத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். முன்மாதிரிப் பயனாளியாக மனைவியை மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரைக்கும் அவள் சதை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி இயக்குநர் ஓட்டுநரைத் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

"திறந்துட்டா அடுப்புப் பாடம் நடக்குமா சார்? சான்றிதழ் கிடைக்குமா?"

"உங்களுக்கு எதுக்குச் சான்றிதழ்? நீங்கதான் முன்மாதிரி ஆச்சே! உங்களை வெளிய அனுப்பிட்டா பாக்க வர்றவங்களுக்கு நாங்க யாரைக் காட்டுறது?"

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. மனைவியைச் சக்கர நாற்காலியோடு சரிவுப் பலகை வழியே மேடையில் ஏற்றினார்கள். பக்கத்தில் ஒரு பூச்சாடி. தலைவர் வந்தார், ரிப்பனை வெட்டினார், திருகியைத் திருகினார். ஒன்றும் எரியவில்லை. எரிவாயு இணைப்பு இன்னும் வரவில்லை என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. "பாருங்க, புகையே இல்ல!" என்றார் தலைவர். கூடம் அதிரக் கை தட்டியது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தலைவர் அவர்களே, இந்த அம்மாவைப் பாருங்க. எங்க திட்டத்துக்கு வர்றப்போ இவங்க கை இருந்த பருமன் என்ன, இப்போ இருக்கிற மெலிவு என்ன! ஒரு மாத்திரை கிடையாது. ஒரு உடற்பயிற்சி கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு கூட நாங்க குடுக்கல. இன்னும் சொல்லப்போனா, வந்துக்கிட்டிருந்ததையும் நிறுத்தினோம். எல்லாமே வெறும் விழிப்புணர்வு! அடுப்பே பத்த வைக்காம இவ்வளவு செஞ்சிருக்கோமே, நாளைக்கு அடுப்பு எரிய ஆரம்பிச்சா இந்த ஊர் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க!"

தலைவர் நெகிழ்ந்துபோனார். ஒலிபெருக்கியை வாங்கி மனைவியின் வாய்க்கு நேரே பிடித்தார். "சொல்லுங்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"பசிக்குதுங்க" என்றாள் மனைவி.

தலைவரின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? பசிக்குதாம்! இந்த வயசுல பசி எடுக்குதுன்னா அது சாதாரணமா? அதுதான் ஆரோக்கியம்!" மறுபடி கைதட்டல்.

மேடைக்கு இடப்பக்கம் நீள மேசை போட்டு விருந்தினர்களுக்கு மதிய உணவு வைத்திருந்தார்கள். மையத்தில் அடுப்பு எரியாததால், ஊரின் பெரிய ஹோட்டலிலிருந்து வேனில் வந்தது. வறுத்த கோழி, வெண்ணெய் மினுங்கும் உருளைக்கிழங்கு, ஆவி பறக்கும் சூப், கிரீம் வழியும் கேக். பயிற்சியில் இருப்பவர்கள் தள்ளி நின்று பரிமாறும் முறையைக் கவனிக்க வேண்டும்; அது அன்றைய பாடம்.

மனைவி ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வண்டியை எடுங்க" என்றாள்.

ஓட்டுநருக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சரிவுப் பலகையில் நாற்காலியை இறக்கி, விருந்தினர்களை வளைத்து ஒதுக்கி, மேசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் ஒரு தட்டை எடுத்தாள். கோழியை வைத்தாள். சாப்பிடத் தொடங்கினாள். நிதானமாக, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டாள். புகைப்படக்காரர் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். இயக்குநர் வெளிறிப்போய் ஒலிபெருக்கியிடம் ஓடினார். "அடுத்ததா, பயனாளிகள் நேரடியா ருசி பாக்குற நிகழ்ச்சி!" என்று அறிவித்தார். அடுத்த நொடியே தையல்காரம்மா பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று குழுக்களும் பாய்ந்தன. விருந்தினர்களுக்குக் கேக் மட்டும் மிஞ்சியது.

தலைவருக்கு அந்த நிகழ்ச்சி ரொம்பப் பிடித்துப்போனது. "இந்த அம்மாவுக்குத் தினமும் இதே மாதிரி அனுப்புங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுக் கார் ஏறினார். மைக்கில் சொன்னதை மாற்ற யாராலும் முடியாது. மறுநாள் முதல் வேன் வீட்டு வாசலுக்கு வந்தது.

மனைவி தேறினாள். கன்னத்தில் சதை விழுந்தது. வலியில்லாமல் காலை அசைத்தாள். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "இப்பத்தான் கூட ஆரம்பிச்சிருக்கு, அப்படியே விட்டுடாதீங்க" என்றார். இல்லத் தோழி நாடாவோடு வந்து அளந்தாள், மறுபடி அளந்தாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

சில நாளில் ஓட்டுநருக்கு அழைப்பு வந்தது. இயக்குநரின் அறைக்குள் நுழைந்தபோது சுவரில் சிவப்புக் கோடு இல்லை. வேறு வரைபடம் தொங்கியது. விழாவில் எடுத்த பெரிய புகைப்படம் ஒன்றும் மாட்டியிருந்தது. தலைவர் இருந்தார், அடுப்பு இருந்தது. மனைவி இருந்த இடத்தில் பூச்சாடி இருந்தது.

"யாரு நீங்க?" என்றார் இயக்குநர்.

"சார், நான்தான். பேருந்து ஓட்டுநர்."

"அப்படி யாரும் எங்க பயிற்சியில இல்லையே."

"இதே ரூம்ல என்னைக் கட்டிப் பிடிச்சீங்களே சார்!"

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தழைந்தது. "ஐயா, கோடு மேல ஏறிடுச்சு. முன்னை விட மேல. தலைவர் ஆபீஸ்ல காரணம் கேக்குறாங்க. சாப்பாட்டை நிறுத்தலாம்னா அது தலைவர் வார்த்தை, நிறுத்த முடியாது. அதனால உங்களை நிறுத்திட்டோம். நீங்க இங்க சேரவே இல்ல. யாரும் உங்க வீட்டுக்கு வரவும் இல்ல, எதையும் அளக்கவும் இல்ல."

"அப்போ நான் போகலாமா?"

"வராதவர் எப்படிப் போக முடியும்?" என்றார் இயக்குநர், குழப்பத்தோடு.

ஓட்டுநர் வெளியே வந்தார். கூடத்தில் தையல்காரம்மா புதிய குழுவோடு காற்றில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ரிப்பன் போன அடுப்பு அப்படியே நின்றது. எரிவாயு வரும்வரை அடுப்புப் பாடம் இல்லை. அவள் இவரைப் பார்த்து ஈரமில்லாத கையை ஆட்டினாள். இவரும் ஆட்டினார். தான் மட்டும் வெளியே போவது ஏதோ திருட்டுத்தனம் செய்வது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

வேன் அன்றோடு நின்றது. இல்லாத பயனாளிக்கு அனுப்ப முடியாது அல்லவா? நல்வாழ்வுத் துறைக்குப் போன் செய்து, பழைய டப்பாவையாவது திரும்ப அனுப்பும்படி கேட்டார்.

"திரும்பன்னா என்ன சார்?" என்றது தேன் குரல். "நீங்க பயிற்சியில சேரவே இல்லையே. அதனால உங்களுக்கு டப்பா நிக்கவே இல்ல. தினமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நிக்காததை எப்படி சார் திரும்ப அனுப்புறது?"

போனை வைத்துவிட்டு மனைவியிடம் விவரம் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுதும் கேட்டாள்.

"நீங்க சேரவே இல்லையா?"

"இல்லையாம்."

"அந்தப் பொண்ணு இங்க வரவே இல்லையா?"

"வரலையாம்."

"அப்போ அடுப்புல ஒட்டுனது?"

ஓட்டுநர் எழுந்து அடுப்படிக்குப் போனார். யாரும் ஒட்டாத ஒன்றைக் கிழிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமாகாது. நகத்தால் ஓரத்தை நெம்பி ஒரே இழுப்பில் உரித்து எடுத்தார். மனைவி நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அடுப்படி வாசற்படிவரை வந்தாள். இந்த முறை சுவர் தாண்டிக் கத்த வேண்டியிருக்கவில்லை. "கேரட்டைச் சின்னதா நறுக்குங்க. அவசரப்படாதீங்க. தீயைக் குறைங்க, குறைங்கன்னா கேக்கணும்."

சூப் கொதித்து மணம் எழும்பியபோது வாசல் மணி அடித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் தயங்கித் தயங்கிப் போய்க் கதவைத் திறந்தார்.

இல்லத் தோழி நின்றாள். கழுத்தில் அட்டை இல்லை. பையும் இல்லை.

"மறுபடி ஒட்ட வந்தியா?" என்று உள்ளேயிருந்து சீறினாள் மனைவி.

தோழி கையைப் பிசைந்தாள். "தெருமுனை வரைக்கும் மணக்குதும்மா" என்றாள் கடைசியில்.

"உனக்கு அப்படியொரு மூக்கு."

"நான் முதல் குழும்மா. இன்னும் அடுப்புப் பாடம் முடிக்கல. எங்க வீட்டு அடுப்புலயும் பட்டை இருக்கு." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நான்தான் ஒட்டினேன். வேற யாரையும் அனுப்ப ஆள் இல்லைன்னாங்க."

மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பெண்ணின் மேற்கையைப் பார்த்தாள். அதை அளக்க நாடா தேவையில்லை.

"ஏங்க, இன்னொரு கிண்ணம் எடுங்க. பெரிசா எடுங்க" என்றாள்.

அந்தப் பெண் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதிக் குடித்தாள். கிண்ணம் காலியான பிறகும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெல்லக் குனிந்து, "ஏம்மா, நாளைக்கு மையத்துல போய் என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

"நான்தான் இங்க வரவே இல்லையே ஐயா" என்று சொல்லிவிட்டு, அவள் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.